அடிவரை போய் ஒரே ஒரு எழுத்து

மார்ச் 4, திங்கள் இரவு

அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறைத் தோழிக்கும் வேண்டாம், ஆபீஸில் உன் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் வேண்டாம். அம்மாவிடம் இதைப் பற்றி வாயே திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். கெஞ்சுவது இந்த ஒன்றுக்கு மட்டும்தான். மற்றபடி உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்த நோட்டே போதாது.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அறைக் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் கிடையாது. நீ வீட்டை விட்டுப் போன மறுவாரமே அப்பா கழற்றிவிட்டார். "ஒருத்தி போனது போதும்" என்றார். கதவில் நாலு ஓட்டைகள் மிச்சம். இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறக்கிறார்கள். செருப்புச் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைத்துவிட்டுத் தூங்குகிறவள் மாதிரி கிடக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் கட்டுரை எல்லாம் உங்கள் கம்பெனி எடிட்டரில்தான் எழுத வேண்டும். தலைப்பைத் தடிப்பாக்கி, வண்ணம் போட்டு எழுதுவோமே, அதேதான். எந்த விசையோடு எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்று முடிவு செய்வதுதான் உன் வேலை என்று நீ சொன்னபோது, இதற்குமா ஆள் வைப்பார்கள் என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

வருஷம் முழுவதற்கும் ஆளுக்கு ஒரே கோப்புதான். மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்து உனக்குக் கடிதம் அடிப்பேன். அனுப்ப முடியாது என்று தெரியும். என் போன் அப்பாவின் அலமாரியில் இருக்கிறது, அம்மாவின் போனைத் தினமும் சாயங்காலம் வாங்கிப் பார்க்கிறார். ஆனாலும் அடிப்பேன். மணி அடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அன்றைய கட்டுரையை எழுதிவிடுவேன். எட்டு மாதமாக இப்படித்தான்.

போன வாரம் 'என் வீடு' என்று கட்டுரை. எங்கள் வீட்டில் எல்லோரும் அன்பாக இருப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். பச்சை மசி டீச்சரைத் தெரியுமல்லவா, திரையில்கூடப் பச்சையில்தான் திருத்துவாள். திருத்தும்போது ஒரு பத்தியைத் தெரியாமல் அழித்துவிட்டாளாம். அதைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல்-இசட் அழுத்தினாளாம். அவசரத்தில் கூடுதலாகவே அழுத்திவிட்டாள். அவள் திருத்தம் போயிற்று, என் கட்டுரை போயிற்று, அதற்கு அடியில் நான் அழித்த கடிதம் எழுந்து வந்து நின்றது.

கோப்பை மூடினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். உங்கள் எடிட்டர் எதையும் மறக்காதாமே. எட்டு மாதத்தையும் அடுக்கி வைத்திருக்கிறது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டாள். நான் திரையை அணைக்கப் பார்த்தேன். "சரி, பதினாறாம் தேதி பெற்றோர் கூட்டம் இருக்கில்ல. உங்கப்பா வரட்டும், அவரையே பக்கத்துல உக்கார வச்சுப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். நல்லது செய்வதாக நினைப்பு.

அவள் படித்தது மேலே கிடப்பதை. அடியிலே என்ன இருக்கிறது தெரியுமா? முதல் நாள் எழுதியது. அப்பாவின் அலமாரிப் பூட்டை உடைத்து உன் சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தது யார் என்று எழுதியிருக்கிறேன். எதால் உடைத்தாள் என்றுகூட. இஸ்திரிப் பெட்டியால் என்று.

இன்றுவரை நீதான் உடைத்தாய் என்று அப்பா நம்புகிறார். அந்தப் பூட்டை மாற்றாமல் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். உன்னைத் திருடி என்கிறார். நீ தூரத்தில் இருக்கிறாய், சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அம்மா இங்கே இருக்கிறாள். ஒரு சட்டைக் காலர் கருகியதற்கே ஒரு வாரம் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. இது தெரிந்தால்?

அங்கிருந்தே அதை அழித்துவிடு. உன்னால்தான் இது. பதிலை அம்மா வேலை பார்க்கிற லாண்டரி முகவரிக்குப் போடு. ஒட்டி அனுப்பு. பிரிக்காமல் என் சீருடைக்குள் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.

உன் தங்கை

(வாலு என்று கையெழுத்துப் போட மனசில்லை.)


மார்ச் 7, வியாழன்

வாலு,

நீ போடாவிட்டால் என்ன, நான் கூப்பிடுவேன்.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலா எழுதுவாய்? வீட்டு ரகசியத்தை எழுத வேறு இடமே கிடைக்கவில்லையா? உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம்தான். மூளை எங்கே போயிற்று உனக்கு என்று அறையிலேயே கத்திவிட்டேன். அறைத் தோழி என்னவென்று கேட்டாள். காட்டவில்லை.

இங்கிருந்து அழிக்க முடியாது. பள்ளியின் கோப்புகள் பள்ளியின் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. நாங்கள் செயலியைச் செய்து கொடுப்பதோடு சரி, உள்ளே நுழைய எங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்ததை எழுத ராத்திரி முழுக்கத் தயங்கினேன். கோப்பை மூடினாலும் பழையது தங்க வேண்டும் என்று சொன்னது நான்தான். எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், கத்திரிக்கோல் என்று கூப்பிடுவோம், எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார். "மூடினா முடிஞ்சுது. எழுதினவன் அழிச்சதை அடுத்தவன் வந்து தோண்டினா என்ன பண்ணுவ?" என்று அவர் கேட்டார். நான் சிரித்தேன். எல்லோர் முன்னாலும் உன் கதையைச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் நீ இரண்டு நாள் உட்கார்ந்து அடித்த கட்டுரை, கரண்ட் போய்க் காணாமல் போனதே, சாப்பிடாமல் அழுதாயே, அந்தக் கதை. ஒரு குழந்தை அப்படி அழக்கூடாது என்றேன். நான் ஜெயித்துவிட்டேன்.

உனக்காகச் செய்தது, வாலு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

டீச்சர் கெட்டவள் மாதிரித் தெரியவில்லை. அவளிடம் தனியாகப் போய், இதற்கு மேல் படிக்க வேண்டாம் என்று கேட்டுப் பார். நான் இங்கே என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லாதே. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

அக்கா


மார்ச் 9, சனி இரவு

அக்கா,

எனக்காகச் செய்தாயா? நான் கேட்டேனா? நான் அழுததை ஒரு அறை நிறைய ஆட்களுக்குச் சொல்லி நீ ஜெயித்தாய். நான் எழுதியதை டீச்சர் படித்தாள். என்னிடம் யாருமே கேட்பதில்லை. அப்பா கதவைத் திறப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீயே சொல்.

கேட்டுப் பார் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். கடிதம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறை வாசலில் அரைமணி நேரம் நின்றேன். "உன் நல்லதுக்குத்தான்மா" என்றாள். அதோடு விட்டாளா? வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள், "பொண்ணு ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டீங்களாமே, வயசுப் பொண்ணு, மனசு கஷ்டப்படுதுங்க" என்று.

அன்று அப்பா சீக்கிரம் வந்தார். என் கதவருகே நின்று அந்த நாலு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "வெளியில போய் என்னென்ன பேசணும்னு சொல்லிக் குடுத்திருக்க?" என்று கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. அம்மாவின் பதில் கேட்கவில்லை. தட்டு உடைந்தது கேட்டது. விடியும்வரை அம்மா அடுக்களை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் என் சீருடையை மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து வைத்திருந்தாள், உன் கடிதம் உள்ளே.

ஒரு வரிக்கே இது. அடியில் இருப்பதை அவர் படித்தால் என்ன ஆகும்?

நானும் சும்மா இல்லை. மார்க் போடும்வரை கோப்பு எனக்கும் திறக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிறது. அதன் மேல் பத்துப் பக்கம் வெறும் 'க' அடித்தேன். 'க' எல்லாம் போய் மறுபடி அதுவே வருகிறது. கோப்பையே அழிக்கலாம் என்றால் பள்ளி அனுமதிக்காதாம். செய்தவள் நீதானே? கட்டினவளுக்கு இடிக்கத் தெரியாதா?

இன்னொன்று. நீ வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறாய். அந்த வாசலைத் திறந்துவிட்டது அம்மா. அவள் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறாள். உன் ரோஷத்துக்கு வாடகை அவள்தான் கொடுக்கிறாள்.

இதற்கும் 'பார்க்கிறேன்' என்று பதில் எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.


மார்ச் 13, புதன்

வாலு,

கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். முதலில் செய்ய வேண்டியது. கவனமாகப் படி.

கட்டுரையைக் கையால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். பிறகு கோப்பைத் திற. எதையும் அடிக்காதே, அழிக்காதே. கன்ட்ரோல்-இசட் அழுத்து, அழுத்திக்கொண்டே இரு. எட்டு மாதமும் பின்னால் போகும். கடைசியில் பக்கம் வெறுமையாகும். அதற்கப்புறமும் நாலைந்து முறை அழுத்திப் பார், எதுவும் அசையக் கூடாது. அதுதான் அடி. அங்கே ஒரே ஒரு எழுத்து அடி. எதுவானாலும் சரி.

நீ பின்னால் போகப் போக, இவள் எப்போது வேண்டுமானாலும் முன்னால் வருவாள் என்று எடிட்டர் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். புதிதாக ஒரு எழுத்து விழுந்தால் மட்டும், இவள் வேறு வழியில் கிளம்பிவிட்டாள் என்று விட்டு வந்ததை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடும். நீ மேலே நின்று அழித்தாய், மேலே நின்று 'க' அடித்தாய். அதனால்தான் போகவில்லை. அடிவரை போக வேண்டும்.

இரண்டு விஷயம். ஒன்று, விசையை அழுத்திப் பிடித்தால் ஓடாது. இருபது படிக்கு ஒருமுறை நின்றுவிடும், விரலை எடுத்துத்தான் மறுபடி வைக்க வேண்டும். கை தவறி யாரும் எல்லாவற்றையும் இழக்கக் கூடாது என்று வைத்தது. வைத்தது யார் என்று கேட்காதே.

இரண்டு, வெள்ளி ராத்திரிக்குள் முடித்துவிடு. அந்த ஒரு எழுத்து சமாசாரம் எங்கள் குழுவில் பெரிய குறை. ஒரு எழுத்து தெரியாமல் விழுந்து ஒரு நாள் வேலை போய்விட்டது என்று எத்தனையோ பேர் திட்டி எழுதியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று ஆறு மாதம் சண்டை போட்டதும் நான்தான். வெள்ளி ராத்திரி அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போகிறது. அதன்பின் எந்த எழுத்து விழுந்தாலும் எதுவும் தொலையாது. சனிக்கிழமை காலையில் உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது.

திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, ஒருவர் அடித்ததை அவர் விசை மட்டும்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும், அடுத்தவர் அழுத்தினால் வரக் கூடாது என்றேன். கத்திரிக்கோல் என்னையே பார்த்தார். "இதைத்தானம்மா நான் அன்னைக்கே சொன்னேன். நீ அழுகைக் கதை சொல்லி வாயை அடைச்சே" என்றார். செய்கிறார்களாம், ஆனால் அடுத்த வெளியீட்டில்தானாம். அதுவரை வெள்ளிக்கிழமை போவதை நிறுத்துங்கள் என்றேன். ஒருத்திக்காக நிறுத்த முடியாது என்றார்கள். நான் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். அப்பா மாதிரியே தட்டியிருக்கிறேன், சத்தம் கேட்டபின்தான் தெரிந்தது.

நீ எழுதியது சரி. ரோஷத்தைப் பற்றி எழுதியதும், கதவைப் பற்றி எழுதியதும். இரண்டு நாளாக என் மேலேயே எனக்கு எரிகிறது.

லீவு சொல்லிவிட்டேன். வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று தெரியாது. சனிக்கிழமை கூட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். பூட்டை உடைத்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வேன். அதற்கு முன்னால் கோப்பில் வேறு பெயர் இருக்கக் கூடாது.

அக்கா


மார்ச் 15, வெள்ளி இரவு

அக்கா,

வருவதாக எழுதியிருக்கிறாய். எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ வந்தால் கையில் கொடுப்பேன், வராவிட்டால் தபாலில் போட்டுத் திட்டுவேன்.

முடித்துவிட்டேன்.

இன்று மதியம் போய் உட்கார்ந்தேன். இருபது, விரலை எடு, மறுபடி இருபது. அறுபத்து மூன்று முறை எடுத்து வைத்தேன். நீ மட்டும் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் உன் கையைக் கடித்திருப்பேன். 'என் வீடு' கட்டுரை வால் பக்கத்திலிருந்து கரைந்தது. அன்பாக இருப்போம் என்பதில் முதலில் 'இருப்போம்' போயிற்று. அது முழுவதும் கரைந்ததும் அடியிலிருந்து என் நிஜமான வீடு வந்தது. ஒவ்வொரு கடிதமும் முழுசாக எழுந்து நின்று, பிறகு கடைசி வரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. நான் யோசித்து நிறுத்திய இடத்திலெல்லாம் அதுவும் நின்றது. சில இடங்களில் ஒரே ஒரு சொல்லுக்கு ஒரு படி. அங்கெல்லாம் நான் அழுதுகொண்டு அடித்திருக்க வேண்டும், ஞாபகம் இல்லை. காலர் கருகிய நாள் வந்தது, தாழ்ப்பாள் கழன்ற நாள் வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தபோது திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அது போனது. கடைசியில் பக்கத்தின் தலையில் 'அக்கா' என்று மட்டும் நின்றது. அன்றைக்கு நான் அடித்த முதல் சொல். இன்னொரு முறை அழுத்தினேன், அதுவும் போயிற்று.

எந்த எழுத்து அடிப்பது என்று யோசிக்கவே முடியவில்லை. முற்றுப்புள்ளியைத் தட்டினேன். எழுத்துகூட இல்லை அது.

உடனே முன்னால் வருகிற விசையை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டு மாதம், ஒரு புள்ளி. அம்மா பிழைத்தாள் என்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். அவர் செய்ததற்கு நான் ஏன் அழிக்க வேண்டும்?

நிமிர்ந்தால் பச்சை மசி டீச்சர் பின்னால் நிற்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியாது. குனிந்து என் கைக்கு மேலாகக் கன்ட்ரோல்-இசட் அழுத்தினாள். புள்ளி போயிற்று. இன்னொரு முறை அழுத்தினாள். வெறும் பக்கம்.

"எங்கம்மா எல்லாம்?" என்றாள்.

"அது உங்களுக்கு எழுதினது இல்ல டீச்சர்."

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவள் போன் செய்த அன்று ராத்திரி எங்கள் அடுக்களையில் என்ன நடந்தது என்று சொன்னேன். தட்டைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தான் எதையும் பார்க்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். எல்லோருக்கும் அழிப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. வேண்டாம் என்றேன். "தாழ்ப்பாளைப் பத்திப் படிச்சீங்கல்ல, அதை மட்டும் மறக்காதீங்க. நாளைக்கு அவர்கிட்ட அதைக் கேளுங்க, நானும் அங்கேயே இருப்பேன்" என்றேன். பிறகு உட்கார்ந்து கட்டுரையை எழுதினேன். பழையது இல்லை. எங்கள் வீட்டில் நாலு பேர், ஒருத்தி வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்று ஆரம்பித்தேன். அன்பைப் பற்றி எழுதவில்லை.

இதுவரை நடந்ததுதான் சொல்ல நினைத்தது. ஆனால் சாயங்காலம் இன்னொன்று நடந்தது.

நான் வந்தபோது அப்பா என் அறை வாசலில் மண்டியிட்டிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். பக்கத்தில் புது எவர்சில்வர் தாழ்ப்பாள், உறைகூட முழுசாகப் பிரிக்கவில்லை. அதே நாலு ஓட்டைகளில் வைத்து முடுக்கினார். ஒருமுறை போட்டு, திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தார். எழுந்து, "நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட சொல்லு, எங்க வீட்டுல எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்குன்னு" என்றார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு கன்ட்ரோல்-இசட் தெரியும் போலிருக்கிறது.

நாளைக்கு நான் வாயைத் திறந்தால் பொய்க்காரி. நடந்தது எதுவும் கோப்பிலும் இல்லை, கதவிலும் இல்லை. ஆனால் அக்கா, மரத்தில் பழைய தாழ்ப்பாளின் அடையாளம் இருக்கிறது. ஓட்டைகள் அதேதான், ஆனால் பழையதன் தகடு அகலம், புதியதன் தகடு ஒடுக்கம். சுற்றிலும் வண்ணம் இல்லாமல் ஒரு சட்டம் மாதிரித் தெரிகிறது, எட்டு மாதத்து அழுக்கோடு. டீச்சரை வந்து பார்க்கச் சொல்வேன். நீ வந்தால் உனக்கும் காட்டுவேன்.

இப்போது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போர்வை இல்லாமல், டார்ச் இல்லாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு. அவர் காட்டுவதற்காக மாட்டியது, இருந்தாலும் அது என் பக்கத்தில்தான் இருக்கிறது.

பஸ் இந்நேரம் வந்திருக்குமா? அம்மா படுக்கவில்லை. கூடத்து விளக்கு கதவுக்கு அடியில் தெரிகிறது. கொஞ்சம் முன்னால் வாசல் கதவு திறந்த மாதிரி இருந்தது, அல்லது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்திருக்க

யாரோ தட்டுகிறார்கள். என் கதவைத்தான். இந்தக் கதவை இதுவரை யாருமே தட்டியதில்லை, யார் தட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா, மெதுவாகத்தான் தட்டு